அஸர்ட் மேக்ரோவுக்கு எதுக்குங்க இத்தனை கெடுபிடி?

கோவை கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறைக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. வரைபடத்துல 1 அங்குலம்னு இருக்கும், மைக்ரோமீட்டர் 25.4 மில்லிமீட்டர்னு காட்டும். "அலகு வேற, ஷாஃப்ட் ரிஜெக்ட்"னு எந்த சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார். அளவு சரியா இருக்கா? அவ்வளவுதான் கேள்வி.

சி++ லேப்ல கதையே வேற! சிபிபி யூனிட்டோட அஸர்ட் ஈக்வல் மேக்ரோவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே டைப் வேணும். வெக்டர்ல மூணு உறுப்பு இருக்கான்னு பார்க்க 3ன்னு எழுதினா அது இன்ட். சைஸ் ஃபங்ஷன் தர்றதோ அன்சைன்டு. உடனே கம்பைலர் பக்கம் பக்கமா எர்ரர் கக்கும். மூணும் மூணும் சமமில்லையாம்!

"டைப் கண்டிப்பா இருந்தாத்தான் தப்பு மாட்டும்"னு ஒரு கோஷ்டி. சரி, எர்ரர் வந்ததும் மாணவன் என்ன பண்றான்? டிசைனைத் திருத்தறானா? இல்லீங்க, இன்ட்டுக்கு ஒரு காஸ்ட் போடறான். டெஸ்ட் பச்சை, வேலை முடிஞ்சுது. ஆனா 64 பிட் சைஸ் 4294967299னு வந்தாலும், 32 பிட் இன்ட்டா வெட்டினா மிச்சம் 3தான். டெஸ்ட் அப்பவும் பச்சை! தப்பைப் பிடிக்க வெச்ச கெடுபிடியே தப்பை மறைக்கச் சொல்லிக் கொடுக்குது.

டைப் விஷயத்துல அடா மொழியை விடக் கறாரானது ரொம்பக் கம்மி. 1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள்ள வெடிச்சுது. ஓடினது அடா நிரல்தான். 64 பிட் ஃப்ளோட்டை 16 பிட் இன்டிஜரா மாத்தின இடத்துல மதிப்பு கொள்ளலை, அதைத் தடுக்கப் பாதுகாப்பும் வைக்கலை. டைப் சரியாத்தான் இருந்துது, மதிப்பைத்தான் யாரும் பார்க்கலை.

அதுக்காக மேக்ரோவுக்குள்ள வெறும் '==' போட்டு விட்டுடலாமான்னா, அதுவும் ஆகாதுங்க. 32 பிட்ல -1ஐயும் அன்சைன்டு 4294967295ஐயும் சமம்னு சொல்ற மொழி சி++. சி++20ல வந்த 'சிஎம்பி ஈக்வல்' இதைச் சரியாப் பண்ணுது. 3ம் அன்சைன்டு 3ம் சமம், -1ம் 4294967295ம் சமமில்லை. இன்டிஜர் ஒப்பீட்டுக்கு மேக்ரோ இதைத்தான் கூப்பிடணும். ஃப்ளோட்டுக்கு எவ்வளவு வித்தியாசம் வரை சரின்னு தனியாச் சொல்லுங்க. டைப்பே முக்கியம்னா அதுக்கு ஸ்டாட்டிக் அஸர்ட் இருக்கு.

டைப்பைத் தளர்த்துங்க, மதிப்பை இறுக்குங்க. இல்லை, காஸ்ட்தான் போடுவோம்னா தாராளமாப் போடுங்க. ஆனா அதுக்கு டெஸ்ட்னு மட்டும் பேர் வைக்காதீங்க :-)