பழைய மூக்குக் கண்ணாடி போதும்



வானத்தைப் பார்க்க ஆசை பிறந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "தொலைநோக்கி என்ன விலை?" என்பதுதான். விலையைக் கேட்டதும் பலருக்கு ஆசையே போய்விடுகிறது. முதல் தொலைநோக்கியை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. விலை கொடுத்து வாங்கிய கருவி, கெட்டுவிடுமோ என்ற பயத்தில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். நீங்களே செய்ததைக் கழற்றலாம், மாட்டலாம், கெடுக்கவும் செய்யலாம்.

வீட்டுப் பெரியவர்கள் கழித்துப் போட்ட, படிக்கும் கண்ணாடி இருக்கிறதா? அதன் பவர் +1 என்றால் குவியத்தூரம் 100 செ.மீ. (மைனஸ் கண்ணாடி உதவாது.) இது பொருளருகு லென்சு. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்சு போல, சுமார் 5 செ.மீ. குவியத்தூரம் உள்ள ஒன்று கண்ணருகு லென்சு. 100ஐ 5ஆல் வகுத்தால் 20, அதுவே உருப்பெருக்கம். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். உட்புறம் கறுப்பு மை பூசுங்கள். லென்சுகளுக்கு இடையே சுமார் 105 செ.மீ. இருக்கட்டும். கண்ணருகு லென்சை முன்னும் பின்னும் நகர்த்த, உள்ளே ஒரு சிறு குழாய் வேண்டும்.

பலர் தவறுவது இனிமேல்தான். முன் லென்சை முழுதும் திறந்து வைத்தால் நிலாவின் விளிம்பில் வண்ணங்கள் தெரியும். ஒற்றை லென்சு எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. எனவே 2.5 செ.மீ. துளையிட்ட அட்டையால் அதை மூடுங்கள். வெளிச்சம் குறையும்; தெளிவு கூடும். கலிலியோவும் தம் லென்சின் ஓரங்களை இப்படித்தான் மறைத்தார்.

"வெறும் இருபது மடங்குதானா?" என்று உதடு பிதுக்காதீர்கள். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கலிலியோ கண்டது ஏறக்குறைய இருபது மடங்கில்தான். அவருடைய லென்சில் குமிழிகள் இருந்தன. உங்கள் மூக்குக் கண்ணாடி அதைவிடத் தெளிவானது. ஆனால் சனியின் வளையத்தை எதிர்பார்க்க வேண்டாம். சற்று நீண்ட ஒரு புள்ளிதான் தெரியும். படம் தலைகீழாகவும் இருக்கும். வானத்தில் மேல் எது, கீழ் எது?

ஜான் டாப்சன் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேறிய பின், நடைபாதையில் அதை நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார்.

லென்சைவிட முக்கியம், ஆடாத தாங்கி. கையில் பிடித்தால் வியாழன் துள்ளிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மணல் பையை வைத்து, அதன்மேல் குழாயை அமுக்கி வையுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் வியாழனையும் அருகிலுள்ள புள்ளிகளையும் நோட்டில் வரைந்து தேதி போடுங்கள். புள்ளிகள் இடம் மாறுவதை நீங்களே பிடிப்பீர்கள்.

சூரியனை மட்டும் இதன் வழியாக ஒரு கணமும் பார்க்காதீர்கள். கண் போய்விடும். தம்பி தங்கைகள் கைக்கு எட்டாதபடி, பகலில் குழாயின் வாயை மூடியே வையுங்கள்.