நகல் மட்டும் போதுமா?

2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினித் திரைகள் அடுத்தடுத்து இருண்டன. நாட்பெட்யா என்னும் தீநிரல் அதன் வலையமைப்பினுள் புகுந்திருந்தது. பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏறத்தாழ 150 வழங்கிகள் அங்கு ஒன்றுக்கொன்று நகலாக இயங்கிவந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே ஏற்பாடு. அனைத்தும் ஒருசேர அழியக்கூடும் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. எஞ்சியது ஒன்றே. கானா நாட்டு அலுவலகத்தில் மின்தடை நேர்ந்திருந்தமையால், அங்கிருந்த வழங்கி இணைப்பற்றுக் கிடந்தது. அதன் தரவைச் சுமந்த வன்தட்டு நைஜீரியாவில் கைமாறி இங்கிலாந்து சென்று சேர்ந்தது. மின்தடையால் பிழைத்த நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே இருக்கும்!

இதனை நற்பேறு என்று கூறிக் கடந்துவிடுதல் தகாது. ஒரே வலையில் பிணைந்த நூறு நகல்களும் தாக்குதலின்போது ஒரே நகலே. ஆதலின், ஒரு நகலேனும் இணைப்பின்றித் தனித்திருத்தல் வேண்டும். அந்நகலும் மறையாக்கம் செய்யப்பட்டிருத்தல் வேண்டும்; இல்லையேல், வன்தட்டைக் களவாடியவர் தரவு முழுவதையும் எளிதில் பெறுவார். அதன் திறவுச்சொல்லை அதே கணினியில் மட்டும் சேமித்து வைப்பதோ, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

நகல் எடுத்தோர் பலரும் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புநகல்களைத் தேடியபோது சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமையால் நகலெடுப்பு முன்னரே நின்றுபோயிருந்தது. அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்ட படியே இறுதியில் உதவியது. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியோருள் கவனமுடையோர் மூல ஏட்டுடன் ஒப்புநோக்கிய பின்னரே பணி முடிந்ததாகக் கருதினர். கணினி யுகத்தில் அவ்வொழுக்கம் அருகிவிட்டது.

மீட்டெடுத்தலிலும் விரைவு தீங்கு பயக்கும். தீநிரல் பல நாள்களுக்கு முன்பே புகுந்திருப்பின், அண்மைய நகலிலும் அது உறைந்திருக்கும். எனவே, வெவ்வேறு நாள்களின் நகல்களைப் பேணுதல் வேண்டும். மீட்கும்போது வலையமைப்புடன் இணையாத தூய கணினியொன்றில் முதலில் திறந்து ஆராய்தல் வேண்டும். பழுதுற்ற மூலத்தின் மீதே நகலைப் பதிப்பவர், நகலும் பிழையெனில் இரண்டையும் இழப்பார்.