நத்தாரில் எளிமை

மார்கழி பிறந்ததும் கிறித்தவ இல்லங்களிலே மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே குடிபுகுகின்றன. மகிழ்ச்சிக்குக் காரணம் கூறவேண்டியதில்லை. கலக்கத்துக்குக் காரணங்கள் பல. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க வேண்டும். கேக்குக்கு ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் முட்டையும் வாங்க வேண்டும். பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட வேண்டும். பாலன் குடில் அமைக்க வேண்டும். கரோல் பாட வருவோரை உபசரிக்க வேண்டும். இத்தனை 'வேண்டும்'களும் பெரும்பாலும் ஒருத்தியின் தலையிலேயே வந்து பொறுக்கின்றன.

காலமோ மாறிவிட்டது. இல்லத்தரசி என்று நாம் அழைக்கும் பெண் இன்று ஆசிரியையாகவோ தாதியாகவோ எழுதுவினைஞராகவோ பணிபுரிகின்றாள். அடுப்படியில் அவளுக்குத் தோள்கொடுத்த மாமியும் மச்சாளும் சின்னம்மாவும் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் இலண்டனிலும் மற்றொருவர் கொழும்பிலுமாகச் சிதறிவிட்டனர். பலர் கூடிச் செய்த பணியாரத்தை இன்று ஒருத்தி தனித்து நின்று சுடுகின்றாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி மாவையும் சீனியையும் எரிவாயுவையும் எட்டாக் கனிகளாக்கியபோது, பண்டிகைச் செலவை எண்ணி எண்ணி அஞ்சிய குடும்பங்கள் பல. ஆள்பலமும் பொருள்பலமும் குன்றிய பின்னரும் பழைய கணக்கில் ஒன்றும் குறையலாகாது என்று பிடிவாதம் பிடிப்பதால் எவருக்கு நன்மை?

"மூதாதையர் வழக்கத்தைக் கைவிடலாமா?" என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயின் எவ்வழக்கம் எத்துணைப் பழைமையானது என்பதையும் சற்றே ஆராய்தல் நன்று. அச்சிட்ட நத்தார் வாழ்த்து மடல் இலண்டனில் முதன்முதல் தோன்றியது 1843ஆம் ஆண்டிலேதான். ஜேர்மனியரின் நத்தார் மரம் ஆங்கிலேயரின் இல்லங்களிலே பரவியதும், விக்ரோறியா மகாராணியின் குடும்பத்தினர் அம்மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படமொன்று 1848இல் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்த பின்னரேயாம். 'நத்தார்' என்னும் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நம் நாவிற் பழகியது. ஒவ்வொரு தலைமுறையும் சிலவற்றை ஏற்றது, சிலவற்றை விட்டது. நாமும் அவ்வாறு செய்வது குற்றமாகாது.

பின்னோக்கிச் செல்லச் செல்ல நாம் காண்பது எளிமையையே. அசிசி நகர்ப் பிரான்சிஸ் முனிவர் 1223ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள கிரெச்சியோ என்னும் சிற்றூரிலே பாலன் பிறப்பை மக்களுக்குக் காட்ட விரும்பியபோது நாடியவை யாவை? வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி ஒன்று, ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவே.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலைத் துறந்து தென்மராட்சிக்கும் அதற்கப்பால் வன்னிக்கும் பெயர்ந்தனர். இரு திங்கள் கழியுமுன் நத்தார் வந்தது. பாடசாலைகளிலும் பிறர் வீட்டுத் திண்ணைகளிலும் ஒதுங்கியிருந்தோரிடம் முறுக்கு உரல் ஏது? அலங்காரம் ஏது? ஆயினும் அவ்வாண்டு நத்தார் வரவில்லை என்று எவரும் கூறார். தங்க இடமின்றி மாட்டுத் தொழுவத்தில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் கதையை அவர்களைவிட நன்கு உணர்ந்தவர் யார்? இதனைக் கூறுவது துன்பத்தைப் போற்றுதற்கன்று. பண்டிகையின் உயிர் எங்குளது என்பதை அந்நாள் காட்டிற்று என்பதற்கே.

எனவே குறைப்பதா, விடுவதா என்பதன்று வினா. எதனைக் குறைப்பது, எதனைக் காப்பது என்பதே வினா. இங்குதான் எமக்கு ஒரு கவலை உண்டு. கைமுட்டு வந்த வீட்டிலே முதலிற் குறைவது எது? வாசலில் மின்னும் விளக்குகள் அல்ல. வரவேற்பறையில் விருந்தினர் காணும் கேக்கும் அன்று. சைவ வீட்டுக்கும் இசுலாமிய வீட்டுக்கும் நத்தார்க் காலையிலே துணியால் மூடிச் செல்லும் பலகாரத் தட்டே முதலில் நின்றுவிடுகின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவ்வீடுகளிலிருந்து வந்த தட்டுக்கு மறுமொழி அது. பெரும் பிளவுகளைக் கண்ட இத்தீவிலே, வேலிக்கு மேலாகக் கைமாறும் அத்தட்டு அற்பமானதன்று. நால்வகைப் பலகாரம் ஒருவகையாகட்டும். ஒருவகையும் இயலாவிடின் நான்கு வாழைப்பழம் போகட்டும். தட்டு நிற்கலாகாது.

குறைக்கும் முறையிலும் அறம் வேண்டும். தாயின் சுமையைத் தணிப்பதாக எண்ணித் தந்தையும் பிள்ளைகளும் தாமே தீர்ப்பு எழுதிவிடுதல் தகாது. பணியாரம் சுடுவதே அவளுக்கு ஆண்டின் பேரின்பமாக இருத்தல் கூடும். வீட்டைத் துடைப்பதே அவளுக்கு வருத்தமாக இருத்தல் கூடும். கார்த்திகை முடியுமுன் குடும்பத்தார் ஒருங்கிருந்து, முதலில் அவளைக் கேட்டல் வேண்டும். எஞ்சும் வேலைகளைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். பலர் செய்யும் சிறு பண்டிகை, ஒருத்தி செய்யும் பெரும் பண்டிகையிலும் மேலானது.

ஆசிரிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒளிவிழா மேடையிலே தேவதூதருக்குப் புதிய பட்டாடை எதற்கு? தாயின் பழைய வெள்ளைச் சேலை போதாதா? இடையருக்கு வீட்டுச் சாரமும் துவாயும் சாலும். வாடகை உடைக்காக ஓர் ஏழைத் தந்தை கடன்பட நேரின், மேடையில் நாம் நடித்துக்காட்டும் கதையின் பொருளை நாமே மறந்தவராவோம். மாணவச் செல்வங்களே, அயல்வீட்டுக்குச் செல்லும் தட்டை இவ்வாண்டு நீங்கள் சுமந்து செல்லுங்கள். வெறுந்தட்டாகத் திரும்பாது என்பதைக் காண்பீர்கள்.

வாசகர் யாவருக்கும் எமது நத்தார் வாழ்த்துகள் உரியனவாகுக.