ராஜாக்கள் பட்டம் 1971-லயே போச்சு... ஆற்காடு இளவரசர் மட்டும் எப்படி?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வயதானவர்களிடம் "எந்த மாவட்டம்?" என்று கேட்டால், சிலர் இன்றும் 'தென்னாற்காடு' என்பார்கள். 1993-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய மாவட்டம் அது. மாவட்டப் பெயரிலிருந்து ஆற்காடு போய்விட்டது. ஆனால், அதே ஆற்காட்டின் பெயரில் ஒரு பரம்பரைப் பட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னை ராயப்பேட்டை அமீர் மஹாலில் இருக்கும் நவாப் முகமது அப்துல் அலிதான் இப்போதைய, 8-வது ஆற்காடு இளவரசர்.

மன்னர் மானியம், மன்னர் அந்தஸ்து எல்லாத்தையும் 1971-ல் 26-வது சட்டத்திருத்தம் ஒழிச்சுடுச்சே, இது மட்டும் எப்படி? அங்கதான் மேட்டர்.

1801-ல் நவாப் அசீம்-உத்-தௌலா கிழக்கிந்திய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆட்சி மொத்தமும் கைமாறியது, விருத்தாசலமும் சேர்த்துத்தான். நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். 1855-ல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளை இல்லாமல் இறந்தார். சித்தப்பா அசீம் ஜா உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் 'வாரிசு இல்லை' என்று சொல்லி டல்ஹவுசி அரசு பட்டத்தையே ரத்து செய்தது. சேப்பாக்கம் அரண்மனையும் போனது. அசீம் ஜா விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க, 1870-ல் விக்டோரியா மகாராணி ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார்: பரம்பரைப் பட்டம், கூடவே ஓய்வூதியம். கவனிச்சீங்களா, நவாப் இல்லை, வெறும் 'இளவரசர்'. நாடே இல்லாத இளவரசர்!

அந்த இறக்கம்தான் பின்னால் கைகொடுத்தது. 1971 திருத்தம் குறிவைத்தது, இந்தியாவோடு சமஸ்தானத்தை இணைத்த மன்னர்களை. இணைக்க ஆற்காட்டிடம் ஏது சமஸ்தானம்? ஓய்வூதியம் பழைய கடன் கணக்கில் தப்பிவிட்டது. (ஸ்காட்லாந்தில் 2004-க்குப் பிறகு 'பாரன்' பட்டத்துக்கும் நிலம் தேவையில்லை, காசு கொடுத்தே வாங்கலாம்.)

பறித்ததற்கு ஈடாகப் பணம் தருவது நியாயம்தான். ஆனால், மாநில அமைச்சருக்குச் சமமான அந்தஸ்து பிறப்பால் வருவது வேறு விஷயம். அரசு பட்டங்கள் வழங்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 18-வது பிரிவு. 'நாங்க கொடுக்கல, மகாராணி கொடுத்தது' என்ற பதில் எனக்குப் போதவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இதுவரை பட்டத்துக்கு வந்த எட்டுப் பேரும் ஆண்கள். அடுத்த வாரிசை அங்கீகரிக்க வேண்டியது லண்டன் இல்லை, டெல்லி.