விருந்தும் வாடகையும்

வழிப்போக்கனுக்குக் கூரையும் நீரும் அளிப்பதை அறமெனக் கருதிய மரபு நம்முடையது. மடங்களும் சத்திரங்களும் சுமைதாங்கிகளும் அதற்குச் சான்றாக நின்றன. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இன்று அவ்வறம் ஒரு தொழிலாகிவிட்டது. அதில் குற்றமில்லை. சத்திரத்திற்கு அறக்கட்டளை வைத்த செல்வர் கொடுத்ததை, விடுதியில் பயணியே கொடுக்கிறான், அவ்வளவே வேற்றுமை. ஆயின், பணம் பெற்றதனால் விருந்தளிப்போனின் கடமை குறைகிறதா, கூடுகிறதா?

அண்மையில் எருக்கலம்பிட்டியில் நிகழ்ந்த திருமணம் ஒன்றின் பொருட்டு மன்னார்த் தீவுக்குச் சென்றிருந்தேன். மணவீட்டின் நெருக்கடியைக் கருதித் தீவிலுள்ள விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். அதற்கான கட்டணம் ஓர் இளம் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. குளிரூட்டி இரைந்ததேயன்றிக் குளிர்விக்கவில்லை. விளக்கை அணைத்ததும் நுளம்புகள் மொய்த்தன. வலை கேட்டதற்கு, அப்படி ஒன்று இல்லை என்ற விடையே கிடைத்தது. குழாயில் உவர்நீர் வந்தது. தீவின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பது இயற்கை. அதற்காக விடுதியாரை நோகேன். அதை முன்னரே சொல்லி, ஒரு குடம் நன்னீர் வைக்காமையே குறை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் காலையுணவாக ஆறிய பாணும் முட்டையும் வந்தன. மீன் கறி இல்லை.

புறப்படும் வேளையில் தந்த பற்றுச்சீட்டில், பேசிய தொகையின் மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறியிருந்தன. வினவியபோது, இது பூநாரை பார்க்க வருவோரின் காலம், அறைக்கு ஆளில்லாமல் போகாது என்றார்கள்.

அச்சொல்லில் உண்மை உண்டு. வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. போரினால் நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015 ஆம் ஆண்டில் மீண்டும் ஓடலாயிற்று. திருக்கேதீச்சரத்தையும் மடுமாதாவையும் நாடி வருவோர் பலர். வருவோர் மிகுந்து அறைகள் குறைந்தால் விலை ஏறும். பருவம் விலையை உயர்த்தலாம்; கடமையைத் தாழ்த்தலாகாது.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். நூறு ரூபா என்று சொல்லிப் பத்து வீதச் சேவைக் கட்டணம் சேர்த்து, மொத்தத்தின் மேல் 2024 முதல் நடைமுறையிலுள்ள பதினெட்டு வீத வரியையும் சேர்த்தால் 129 ரூபா 80 சதம் ஆகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சொல்லப்படாத விலை! வரிக்குப் பதிவு செய்யாத விடுதிக்கு அவ்வரியை அறவிடும் உரிமையே இல்லை என்பதையும் பயணிகள் அறிந்திருத்தல் நன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்து வாடிவீடுகளில் அரசாங்கம் வரையறுத்த கட்டணமே பெறப்பட்டது. அந்நியர் ஆட்சியில் இருந்த ஒழுங்கு நம்மவர் தொழிலில் இல்லாமற் போவது நாணத்தக்கது.

இக்கரைக்கு விருந்தோம்பலை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1344 ஆம் ஆண்டில் புத்தளத்துக் கரையில் இறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதாவை ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்து, பல்லக்கும் துணைவரும் தந்து பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். ஆறரை நூற்றாண்டுகள் கழிந்து, 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி மக்களும் உடுத்த உடையோடு அதே புத்தளத்தைத்தான் அடைந்தார்கள். வறியவர்களான அவ்வூரார் தம் முற்றத்தையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டனர். நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே ஒரு பாடசாலை எழுந்தது. அடைக்கலத்தின் அருமையை உணர்ந்து மீண்டவர்களின் ஊர் இது. மணவீட்டில் பெருந்தட்டாகிய சகனைச் சுற்றி, முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து உண்டேன். நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டவரின் பெயரைக்கூட நான் அறியேன்.

இத்தகைய மண்ணில் ஒரு விடுதியின் அசட்டை அவ்விடுதியோடு நிற்பதில்லை. வந்தவன் விடுதியின் பெயரை மறந்துவிடுவான். "மன்னாரில் ஏமாற்றினார்கள்" என்றே ஊர் ஊராகச் சொல்வான். மீண்டு வந்து, மீன்பிடியும் சிறு வணிகமும் செய்து நிமிர முயலும் மக்களின் நற்பெயரையே அது விலை பேசுகிறது.

ஆகவே நான் கோருவது பெரிதன்று. வரியும் சேவைக் கட்டணமும் உள்ளடங்கிய முழுத்தொகை வாயிலில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும். விடுதிகளைப் பதிவு செய்யும் சுற்றுலா அதிகார சபை, பருவக் காலத்தில் நேரில் வந்து பார்க்க வேண்டும். அயற்கிராமத்து இளைஞர்க்குப் பயிற்சியும், அவ்வூர்ப் பெண்களின் சமையலுக்கு விடுதி மேசையில் இடமும் அளிக்க வேண்டும். பயணிகளும் முணுமுணுத்துப் போகாமல், குறையை எழுத்தில் தர வேண்டும்.

இலவசமாக ஓம்பியவன் குறை வைத்தால் வறுமை என்று பொறுப்போம். விலை பெற்றவன் குறை வைத்தால் அதற்குப் பெயர் வேறு.