சவன்னாத் தீயும் சீமான்களின் கணக்கும்

சவானா என்றால் புதுச்சேரித் தொழிலாளிக்கு ஒரு மில்லின் பெயர். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானது அந்த மில் போராட்டத்தில்தான். அந்தச் சவானாவை நாம் மறக்கவில்லை. இன்று இன்னொரு சவன்னாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மரங்கள் விட்டுவிட்டு நிற்க, இடையே ஆளுயரப் புல் மண்டிக் கிடக்கும் வெப்ப நாட்டுக் காட்டுக்கு அந்தப் பெயர். அந்தப் புல் எரியும்போது மீதேன் என்ற வாயு கிளம்பி உலகைச் சூடாக்குகிறது என்று கனவான்கள் கணக்கு எழுதி வருகிறார்கள்.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, தோழர்களே! நகரத்தின் குப்பை இங்கே கொட்டப்பட்ட காலம் ஒன்று உண்டு. காற்றுப் புகாமல் அழுகும் குப்பையின் அடியில் ஊறுவதும் இதே மீதேன்தான். குப்பையைச் சேர்த்தது மாளிகை, இருமியது குடிசை. உலகக் கணக்கிலும் இதே நியாயம்தான் நடக்கிறது.

மீதேன் கெடுதல் செய்வது மெய். அதை நாம் மறுக்கவில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீதேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக உலகைச் சூடாக்கும். நமது கேள்வி வேறு: பழியை யார் தலையில் ஏற்றுகிறார்கள்?

திவித் தீவுகளைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் துறைமுகம். அதற்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் மெல்வில், பாதர்ஸ்ட் என்ற இரண்டு பெரிய தீவுகள். இவையே திவித் தீவுகள். டார்வினுக்குக் கிழக்கே ஆர்னெம் நிலம். எங்கும் சவன்னாக் காடு, ஆண்டுதோறும் தீ.

அந்த மண்ணின் ஆதிகுடிகள் தீயை ஆளத் தெரிந்தவர்கள். மழைக்காலம் முடிந்து புல்லில் ஈரம் இருக்கும்போதே துண்டு துண்டாகச் சிறு தீ வைப்பார்கள். அது தரையோடு ஊர்ந்து, இரவுப் பனியில் தானே அவிந்துவிடும். வறட்சி முற்றியபின் வரும் பெருந்தீக்கு அப்புறம் இரை கிடைக்காது. எரியும் புல்லும் குறைவு, மீதேனும் குறைவு.

வெள்ளைக்காரன் வந்தான். ஆர்னெம் பீடபூமியின் மக்கள் மிஷன்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காடு ஆளற்றுப் போயிற்று. சிறு தீ வைக்க ஆளில்லை, பெருந்தீ பெருகிற்று. குடிகளைப் பெயர்த்தவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. புல்லின் மீதேன் மட்டும் டன் டன்னாக எழுதப்பட்டிருக்கிறது!

பாவமன்னிப்பு வியாபாரம்

2006-ல் ஒரு வேடிக்கை நடந்தது. டார்வினில் கொனோகோபிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் திரவ எரிவாயு ஆலை எழுந்தது. ஆலை கக்கும் வாயுவுக்கு ஈடு காட்ட வேண்டும். என்ன செய்தார்கள்? மேற்கு ஆர்னெம் நிலத்து ஆதிகுடிகள் பழைய முறைப்படி தீ வைத்து, ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவைக் குறைக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர், 17 ஆண்டுகளுக்கு, என்று ஒப்பந்தம்.

அந்தக் காவலர்கள்மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. சொந்த மண்ணில் வேலையும் கூலியும் பெற்றார்கள், காட்டையும் காத்தார்கள். ஆனால் அவர்கள் வியர்வையில் மிச்சப்பட்ட வாயு யார் கணக்கில் வரவு? ஆலை முதலாளி கணக்கில்! சாராயக் கடைக்காரன் கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்துப் புண்ணியம் தேடிய கதைதான் இது.

2020-ல் அந்த ஆலை சான்டோஸ் கம்பெனி கைக்கு மாறியது. பரோசா கடல் வயலிலிருந்து எரிவாயு எடுக்க அது கிளம்பியது. திவி மூத்தோர் வழக்காடினார்கள். தங்களைக் கலந்து பேசவில்லை என்றார்கள். 2022-ல் கோர்ட்டில் ஜெயித்தார்கள். குழாய் பற்றிய இன்னொரு வழக்கு 2024 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. கம்பெனி வேலையைத் தொடர்ந்தது. தீவின் புல்லுக்குக் கணக்கு உண்டு, தீவின் மனிதன் சொல்லுக்கு மதிப்பு இல்லை!

நெல் வயலும் குற்றவாளிக் கூண்டில்

இந்த அநியாயக் கணக்கு நம் வயலுக்கும் வந்தது. தண்ணீர் தேங்கிய சேற்றிலும் மீதேன் ஊறும். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 380 லட்சம் டன் மீதேன் விடுகின்றன என்று அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா மதிப்பிட்டது. 1991-ல் நம் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் வயல் வயலாக இறங்கி அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன்! ஒன்பது பங்குக்கு மேல் கூட்டி எழுதியிருந்தார்கள்.

அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பளிச்சென்று கேட்டார்கள்: ஏழை உயிர் பிழைக்க விடும் வாயுவையும் பணக்காரன் சொகுசுக்கு விடும் வாயுவையும் ஒரே தராசில் நிறுப்பதா?

இன்னொன்றையும் பாருங்கள். வயலுக்கு மேலே மீதேன் வந்தால் குற்றம். வயலுக்கு அடியில் இருந்தால் லாபம்! 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்தடி மீதேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு உரிமை தந்தார்கள். டெல்டாவின் உழவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. 2020-ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. போராட்டம் இல்லாமல் அது வந்திருக்குமா?

நாம் கேட்பது

கணக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான கணக்கு வேண்டும் என்கிறோம். வயலிலும் காட்டிலும் இறங்கி அளந்த கணக்கு வேண்டும். நெல் வயலை இடையிடையே வடித்துக் காயவிட்டால் மீதேன் குறையும் என்கிறார்கள். நல்லது. காயவிட்ட வயலுக்குத் திரும்பத் தண்ணீர் வரும் என்ற உத்தரவாதத்தைச் சர்க்கார் தரட்டும். நஷ்டம் வந்தால் கூலியாள் தலையில் கட்டாதிருக்கட்டும். காட்டைக் காப்பவனுக்கு நியாயமான கூலி கிடைக்கட்டும். அதைக் காட்டி ஆலைப் புகையை மறைக்கும் வியாபாரம் ஒழியட்டும். அதிகம் எரித்தவன் அதிகம் குறைக்கட்டும்!

திவித் தீவின் காவலனும், டெல்டாவில் நாற்று நடும் பெண்ணும், கருவடிக்குப்பத்தில் புகை குடித்தவனும் ஒரே கணக்கில் ஏமாற்றப்பட்டவர்கள். இந்தக் கணக்கைத் திருத்தும் வேலையிலும் இவர்கள் ஒன்று சேர வேண்டும்.