கம்ப்யூட்டரா டை செய்கிறது?

"டை செய்யக் கைதேர்ந்த தொழிலாளி இனி எதற்கு? வரைபடத்தைக் கம்ப்யூட்டர் போடுகிறது, உருக்கை மிஷின் குடைகிறது, ஸ்விட்சை அழுத்த ஒரு பையன் போதும்!" – போர்ஜிங் பட்டறை முதலாளிகள் பாடும் பல்லவி இது. யாரை ஏமாற்ற?

கொழுக்கட்டை அச்சை அறியாதவர் நம்மில் இல்லை. போர்ஜிங் டையும் அந்த வகைதான். மாவுக்குப் பதில் சுமார் 1200 டிகிரி சூட்டில் பழுத்த இரும்பு. விரலுக்குப் பதில் டன் கணக்கில் இறங்கும் சம்மட்டி. டிராக்டரின் கிராங்க் ஷாப்டும், நாம் பிடிக்கும் ஸ்பானரும் இப்படித்தான் பிறக்கின்றன. டையின் பக்கச் சுவர் ஐந்தாறு டிகிரி சாய்ந்திராவிட்டால் உருப்படி வெளியே வராது. உள்மூலையைக் கூராக விட்டால் அங்கேயே டை வெடிக்கும். இரும்பு ஆறினால் சுருங்கும். ஆகவே நூறு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கூட்டிக் குடைய வேண்டும். பிதுங்கும் உபரி இரும்புக்கு ஓரத்தில் வழி விட வேண்டும். வழி தாராளமானால் மூலைகள் நிறையாது. இறுகினால் அடி முழுவதும் டையின் மேல் விழும்.

இந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரின் வயிற்றில் பிறந்ததா? உளியும் அரமும் பிடித்து, ஈயம் வார்த்து அளவு பார்த்து, டைகள் உடைய உடையத் தொழிலாளி கற்ற கல்வி அது! இன்றும் மிஷின் குடைந்து தள்ளிய டையை மெருகேற்றுவது யார்? மேல் டையும் கீழ் டையும் விலகாமல் பொருத்துவது யார்? சூட்டில் விழுந்த மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பது யார்?

அந்த இடத்தில்தான் அப்ரண்டிஸ் பையன்களை நிறுத்துகிறார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவு, இவர்கள் தொழிலாளிகளே அல்ல, பயிற்சி பெறுவோர் என்கிறது. உற்பத்திக்கு ஆள், கூலி கேட்டால் மாணவன்! அறுவடையின்போது "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று அழைத்து, நெல் அளக்கும்போது "நீ யார்?" என்று கேட்கும் மிராசுதாரை விவசாயத் தோழர்களுக்குத் தெரியாதா?

விரிசல் கண்ட டையை இன்னொரு ஷிப்ட் ஓட்டச் சொல்கிறார்கள். புது டைக்குப் பணம் போட மனம் வரவில்லை. சம்மட்டி அடியில் தெறிக்கும் உருக்குத் துண்டு அப்ரண்டிஸ் என்றும் பர்மனென்ட் என்றும் பார்க்காது. "நிறுத்து" என்று சொல்லும் துணிவு, நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதியுள்ளவனுக்கே வரும்.

டை பிட்டருக்குத் திறமைத் தொழிலாளி கிரேடும் கூலியும் வேண்டும். பயிற்சி முடித்த இளைஞனுக்கு நிரந்தர வேலை வேண்டும். விரிசல் டையை நிறுத்தும் அதிகாரம், அதைக் கையால் தடவிப் பார்க்கும் தொழிலாளிக்கு வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இந்த மூன்றையும் யூனியன்கள் வைக்கட்டும்.